சிறை விடுப்பு மனு (சேர்வராயன் மலைப்பகுதி)

சிறை விடுப்பு என்பது, நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருக்கும் ஒருவர் குடும்பத் தேவை ஒன்றுக்காகச் சில நாள்கள் வெளியே சென்று திரும்ப அரசு அளிக்கும் அனுமதியாகும். பேச்சுவழக்கிலும் நாளிதழ்களிலும் இது பரோல் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படையாக உள்ளவை 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். இவ்விதிகள் இதனை 'விடுப்பு' என்றே குறிக்கின்றன. பிணை இதிலிருந்து வேறுபட்டது. வழக்கோ மேல்முறையீடோ முடியும் வரை நீதிமன்றம் அளிப்பது பிணை. தண்டனை உறுதியான பின்னர் நிர்வாகம் அளிப்பது விடுப்பு.

ஏற்காட்டிலிருந்து இறங்கும் சாலை சேலம் நகருக்குள் நுழையும் அஸ்தம்பட்டியில்தான் சேலம் மத்திய சிறை உள்ளது. சேர்வராயன் மலையின் எந்த ஊரிலிருந்தும் சில மணி நேரத்தில் அதன் வாயிலை அடைந்துவிடலாம். ஆயினும் தந்தையின் அடக்கத்துக்கு மகன் வந்து சேராத வீடுகள் உண்டு. தொலைவைவிட, மனு உரிய விதியின் கீழ் எழுதப்படாததும், சொன்ன காரணத்தை விசாரணை அலுவலர் உறுதிசெய்ய முடியாமல் போவதும் இதற்குப் பெரிய காரணங்கள். இரக்கத்தைத் தூண்டும் சொற்களை நம்பி எழுதப்படும் மனுக்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

சட்ட அடிப்படை

தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432ஆம் பிரிவில் மாநில அரசுக்கு வழங்கப்பட்டிருந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 473ஆம் பிரிவாக உள்ளது. விடுப்பைச் சிறைவாசியின் அடிப்படை உரிமையாக நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அதே வேளையில், தகுதியுள்ள மனுவைக் காரணமின்றித் தள்ளுவதையும் அவை ஏற்பதில்லை. அஸ்பாக் எதிர் ராஜஸ்தான் மாநிலம் என்ற 2017ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. நீண்டகாலத் தண்டனை பெற்றவர் குடும்பத்தோடும் சமூகத்தோடும் தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பது அவரது திருந்துதலுக்கும் தேவை என்றும், சமூகத்தின் பாதுகாப்பையும் இதனோடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்றும் அது கூறியது.

விதிகளில் இரண்டு வகை விடுப்புகள் உள்ளன. ஒன்று அவசர விடுப்பு, மற்றது சாதாரண விடுப்பு. எதைக் கேட்கிறோம் என்பதை மனுவின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. இரண்டையும் கலந்து எழுதிய மனு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது தெரியாமல் நாள்களை இழக்கிறது.

அவசர விடுப்பு

நெருங்கிய உறவினரின் இறப்பு, கடும் நோய், திருமணம் ஆகியவற்றுக்காக அளிக்கப்படுவது அவசர விடுப்பு. ஆண்டொன்றுக்கு மொத்தம் 15 நாள் வரை, தவணைகளாகப் பிரித்து இது வழங்கப்படும். நெருங்கிய உறவினர் யார் என்பதை விதியே வரையறுக்கிறது: தந்தை, தாய், கணவர் அல்லது மனைவி, மகன், மகள், உடன்பிறந்த சகோதரர், உடன்பிறந்த சகோதரி.

இந்தப் பட்டியலும் தமிழ்க் குடும்பத்தின் உறவுமுறையும் பொருந்துவதில்லை. பெரியப்பா மகனும் அண்ணன்தான், சித்தி மகளும் தங்கைதான். 'அண்ணன் இறந்துவிட்டார்' என்று எழுதிய மனுவை விசாரிக்கச் செல்லும் அலுவலர் குடும்ப அட்டையில் வேறு தகப்பன் பெயரைக் கண்டால், மனு பொய்யானது என்ற எண்ணம் முதல் பார்வையிலேயே விழுந்துவிடுகிறது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மொழியில் அது உண்மை. வளர்த்த பாட்டியும் இப்பட்டியலில் இல்லை. பெற்றோர் தோட்ட வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளர்ந்தவர்கள் மலையூர்களில் குறைவில்லை. இத்தகைய நேரத்தில் உறவை உள்ளபடியே எழுதி, சிறுவயது முதல் வளர்த்தவர் அவரே என்பதைப் பள்ளிப் பதிவு, பழைய குடும்ப அட்டை போன்றவற்றால் காட்டி, சிறப்பு நேர்வாகக் கருதும்படி கேட்பதே பாதுகாப்பானது. மறுக்கப்பட்டாலும் நீதிமன்றம் செல்லும்போது அந்த நேர்மை உதவும்.

நோய்க்கான மனுவில் மருத்துவச் சான்றே முதுகெலும்பு. ஏற்காடு அரசு மருத்துவமனையில் பார்க்க முடியாத நோயாளிகள் பெரும்பாலும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். 'தாயார் மிகவும் உடல்நலம் குன்றியுள்ளார், கருணை கூர்ந்து மகனை அனுப்பி வைக்கவும்' என்ற வரியை எவரும் சரிபார்க்க முடியாது. இதையே கீழ்க்கண்டவாறு எழுதலாம்:

'சிறைவாசியின் தாய், வயது 68, இம்மாதம் 4ஆம் தேதி முதல் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இருதயப் பிரிவில் உள்நோயாளியாக உள்ளார். உள்நோயாளி எண்ணும் மருத்துவர் அளித்த சான்றும் இணைக்கப்பட்டுள்ளன. 12ஆம் தேதி அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. உடனிருக்க வேறு மகனோ மகளோ இல்லை. 11ஆம் தேதி முதல் மூன்று நாள் அவசர விடுப்பு வேண்டப்படுகிறது.'

இது மாதிரிக்காக எழுதப்பட்ட பத்திதான். ஆனால் இதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்துவிடலாம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இறப்பு நேரும்போது தாள்களுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. வீட்டில் நிகழ்ந்த இறப்பானால் கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ ஒரு கடிதம், மருத்துவமனையில் நிகழ்ந்ததானால் அங்கு தரும் இறப்புச் சீட்டு, இவற்றில் ஒன்றோடு ஒருவர் உடனே அஸ்தம்பட்டிக்கு இறங்க வேண்டும். அதற்கு முன்பாகவே சிறைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லி, ஏற்காடு காவல் நிலையத்திலும் தெரிவித்துவிட்டால், சிறையிலிருந்து உறுதிப்படுத்தக் கேட்கும்போது காவலர்களிடம் பதில் தயாராக இருக்கும். அடக்கத்துக்கு நேரம் கடந்துவிட்டால் முயற்சியை விட்டுவிடுவோர் பலர். கருமாதிக்கும் தனியே கேட்கலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் வேலூரில் ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த நளினிக்கு, தந்தை இறந்தபோது 2016 பிப்ரவரியில் இறுதிச் சடங்குக்காக 12 மணி நேரமும், அடுத்த மாதம் பதினாறாம் நாள் சடங்குக்காக ஒரு நாளும் தனித்தனியே அனுமதி கிடைத்தது.

சாதாரண விடுப்பு

இது நீண்டது, ஆகவே நிபந்தனைகளும் கூடுதல். ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்று, மூன்றாண்டு சிறைவாசத்தை முடித்தவரே கேட்க முடியும். ஒரு தவணைக்கு 21 முதல் 30 நாள் வரை வழங்கலாம். திரும்பி வந்து இரண்டாண்டு கழிந்த பின்னரே அடுத்த தவணை. வழங்கும் அதிகாரம் சிறைத்துறைத் துணைத் தலைவரிடம், அதாவது டி.ஐ.ஜி.யிடம், உள்ளது. பாலியல் வன்கொடுமை, கூட்டுக் கொள்ளை, கள்ள நோட்டு, காவலிலிருந்து தப்புதல் போன்ற சில குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டவர்களையும், சிறையில் நடத்தை சரியில்லாதவர்களையும் விதி விலக்கி வைக்கிறது.

கேட்பதற்கான காரணங்களை 20ஆம் விதி எண்ணிச் சொல்கிறது. குடும்பத்தின் பிழைப்புக்கும் விடுதலைக்குப் பிந்தைய வாழ்வுக்கும் ஏற்பாடு செய்தல், பிள்ளைகளைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்த்தல், குடியிருக்கும் வீட்டைக் கட்டுதல் அல்லது பழுதுபார்த்தல், பிள்ளைகள் அல்லது உடன்பிறந்தோரின் திருமணம், பாகப்பிரிவினை போன்ற குடும்பத் தகராறுகளைத் தீர்த்தல், விதைப்பு, அறுவடை போன்ற வேளாண் பணிகள், இவை தவிர அசாதாரணமான பிற காரணங்கள். இவற்றுள் ஒன்றன் கீழ் மனு நிற்க வேண்டும். ஒன்று போதும். ஐந்து காரணங்களை அடுக்கும் மனுவில் ஐந்தையும் விசாரிக்க வேண்டியிருக்கும். அதில் ஒன்று பொய்த்தாலும் மற்ற நான்கும் சந்தேகத்துக்குள்ளாகும்.

வேளாண் பணி என்ற காரணம் சேர்வராயன் மலைக்கு மிகவும் பொருந்தும். இங்கு காப்பி 1820களில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில், அறிமுகமானது. பெரிய தோட்டங்களுக்கு நடுவே மலையாளி பழங்குடியினரின் சிறு நிலங்களிலும் காப்பியும் மிளகும் விளைகின்றன; சாமை, கேழ்வரகு போன்றவையும் பயிராகின்றன. காப்பிப் பழம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறிக்கப்படுகிறது. பழுத்ததைப் பறிக்கத் தவறினால் உதிர்ந்துவிடும்; ஆண்டு வருமானம் அதோடு போகும். எனவே பறிப்புக்கான மனுவை, விசாரணைக்கு ஆகும் காலத்தையும் கணக்கிட்டு, மழைக்காலத்திலேயே கொடுத்துவிட வேண்டும். டிசம்பரில் கொடுத்த மனுவுக்கு மார்ச்சில் உத்தரவு வந்தால், செடியில் ஒன்றும் இராது, காரணமும் இராது.

நிலம் யார் பெயரில் உள்ளது என்பதே இதில் சிக்கல். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்க, மூன்று பங்காளிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு பயிர் செய்வது மலையில் இயல்பு. அந்நிலையில் சிட்டா, அடங்கல் நகலோடு, சிறைவாசியின் குடும்பம் எந்தப் பகுதியை அனுபவிக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற சான்றும், தாத்தாவின் வாரிசு விவரமும் இணைக்கப்பட வேண்டும். வீட்டில் பறிக்க ஆள் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். வயது வந்த தம்பி வீட்டிலேயே இருக்கும்போது இக்காரணம் வலுவிழக்கும். அப்போது பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையோ, வீட்டுக் கூரைப் பழுதோ உண்மையில் இருந்தால் அதை முன்வைக்கலாம்.

'அசாதாரணக் காரணம்' என்ற கடைசி வகை பற்றி வழக்குகள் வந்தவண்ணம் உள்ளன. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, தாம்பத்திய உறவுக்காக மட்டும் விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்றும், குழந்தையின்மைக்கான சிகிச்சை இவ்வகையில் அடங்கக்கூடும் என்றும் கூறியது.

மனு செல்லும் வழி

மனுவைச் சிறைவாசியும் கொடுக்கலாம், உறவினரும் கொடுக்கலாம். சிறைக் கண்காணிப்பாளரிடம் சேரும் சாதாரண விடுப்பு மனு, நன்னடத்தை அலுவலரின் விசாரணைக்கு அனுப்பப்படுகிறது. அவர் வீட்டுக்கு வருகிறார், அக்கம்பக்கத்தில் கேட்கிறார், காவல் துறையின் கருத்தையும் பெற்று அறிக்கை அளிக்கிறார். பலரும் கண்காணிப்பாளரின் அல்லது டி.ஐ.ஜி.யின் மனத்தை இளக்க எழுதுகிறார்கள். முடிவு உண்மையில் உருவாகும் இடம் இந்த விசாரணைதான். மனு எழுதப்பட வேண்டியது, அதைக் கையில் வைத்துக்கொண்டு மலையேறி வரும் அலுவலருக்காக.

ஆகவே வீட்டை அடையும் வழி, பேருந்து நிற்கும் இடம், அங்கிருந்து நடக்க வேண்டிய தொலைவு, பகலில் வீட்டில் இருப்பவரின் தொலைபேசி எண் ஆகியவை மனுவில் இருக்க வேண்டும். எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விட்ட நேரத்தில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் அலுவலர் மறுபடி வர வாரங்கள் ஆகலாம். மனுவின் ஒரு நகல் வீட்டிலும் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் 'மகளின் கல்யாணம்' என்று எழுதிக் கொடுத்திருக்க, வீட்டில் இருப்பவர் 'சும்மா பார்க்கத்தான் வரச் சொன்னோம்' என்று சொன்னால், இரண்டும் அறிக்கையில் அப்படியே பதிவாகும். நேர்காணலின்போது இருவரும் ஒரே விவரத்தைப் பேசித் தெளிந்துகொள்வது ஏமாற்று அல்ல.

காவல் துறையின் அறிக்கை இன்னொரு தடை. கொலை வழக்காக இருந்தால் இறந்தவரின் குடும்பமும் பெரும்பாலும் அதே ஊரில், சில நேரம் அதே தெருவில் இருக்கும். 'வந்தால் சட்டம் ஒழுங்கு கெடும்' என்ற ஒரு வரி மனுவை முடித்துவிடும். அந்தக் குடும்பத்தின் அச்சத்தை இல்லாததாக எண்ணி எழுதுவது தவறு. அது நியாயமான அச்சமாகவும் இருக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் மூலம் அவர்களிடம் முன்கூட்டியே பேசி, ஆட்சேபம் இல்லை என்று அவர்களாகவே எழுதித் தந்தால் அதைவிட வலுவான சான்று வேறில்லை. அதட்டியோ பணம் கொடுத்தோ அக்கடிதத்தைப் பெற முயன்றால் புது வழக்கே வரும். அவர்கள் மறுத்தால், சிறைவாசி ஊருக்கு வராமல் வேறிடத்தில், எடுத்துக்காட்டாக வாழப்பாடியிலோ அயோத்தியாப்பட்டணத்திலோ உள்ள அக்கா வீட்டில், தங்குவதாக மனுவிலேயே சொல்லலாம். அந்த வீட்டாரின் சம்மதக் கடிதமும் முகவரிச் சான்றும் இணைய வேண்டும். அப்பகுதிக் காவல் நிலையத்தில் நாள்தோறும் கையெழுத்திட ஒப்புக்கொள்வதையும் எழுதலாம். மலையின் உள்ளூர்களிலிருந்து ஏற்காடு நிலையத்துக்குத் தினமும் வந்து போவது விடுப்பில் பாதியை விழுங்கும் என்பதால், இந்த மாற்று முகவரி அந்த வகையிலும் வசதியானது.

பிணையாளர்களை உத்தரவு வந்த பிறகு தேடக் கூடாது. சொத்தும் நிலையான முகவரியும் உள்ள, சிறைவாசி திரும்பாவிட்டால் பொறுப்பேற்கத் துணியும் ஒருவரையோ இருவரையோ முன்பே பேசிவைத்து, அவர்களின் அடையாளச் சான்றையும் சொத்து வரி ரசீதையும் ஆயத்தமாக வைத்திருப்பது வழக்கம்.

மேல்முறையீடு நிலுவையில் இருந்தால்

மனு எழுதுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு இன்னும் முடியவில்லை என்றால், அந்த நீதிமன்றத்திடமே தண்டனையை இடைக்காலமாக நிறுத்திவைக்கக் கோருவது முறையான வழி. முன்பு 389ஆம் பிரிவில் இருந்த இந்த அதிகாரம் இப்போது 430ஆம் பிரிவில் உள்ளது. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் இருக்கும்போது ஆளுநர் தனியே தண்டனையை நிறுத்திவைக்க முடியாது என்று நானாவதி வழக்கில் 1960இலேயே தீர்ப்பானது. சிறை வழியாக இலவச வழக்கறிஞர் தாக்கல் செய்த மேல்முறையீடு என்ன ஆயிற்று என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. வழக்கு எண்ணைச் சிறையிலேயே கேட்டு அறியலாம். வேறு வழக்கு விசாரணையில் இருப்பதும் விடுப்புக்குத் தடையாகும்.

சட்ட உதவி

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவின்படி, காவலில் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவிக்கான தகுதியை அளிக்கிறது. சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ, 15100 என்ற தேசிய உதவி எண்ணிலோ அணுகலாம். மனு எழுதக் கட்டணம் வாங்கும் இடைத்தரகர் எவரும் தேவையில்லை.

மனு நிராகரிக்கப்பட்டால் உத்தரவின் நகலை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அதில் உள்ள காரணமே அடுத்த படியைத் தீர்மானிக்கும். தாள் குறைவு என்றால் இணைத்து மீண்டும் கொடுக்கலாம். விதியைத் தவறாகப் பொருத்தியிருந்தாலோ, பதிலே வராமல் போனாலோ, சென்னை உயர் நீதிமன்றத்தில் 226ஆம் உறுப்பின் கீழ் மனு செய்யலாம். நளினி 2019 சூலை 5 அன்று அந்நீதிமன்றத்தில் தாமே நேரில் வாதாடினார். லண்டனில் வாழும் மகளின் திருமண ஏற்பாட்டுக்கு ஆறு மாதம் கேட்டார்; விதி ஒரு தவணைக்கு அனுமதிக்கும் 30 நாள்தான் கிடைத்தது. சூலை 25 அன்று வெளியே வந்து வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் தங்கினார். ஊடகங்களிடம் பேசக் கூடாது என்பது நிபந்தனைகளுள் ஒன்று. பின்னர் மூன்று வாரம் நீட்டிக்கப்பட்டு, செப்டம்பர் 15 அன்று சிறை திரும்பினார். அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன், நோயுற்ற தந்தையைக் காண 26 ஆண்டுகளில் முதன்முறையாக 2017 ஆகஸ்டில் 30 நாள் விடுப்பில் சோலையார்பேட்டை வந்தார். அதுவும் மேலும் ஒரு மாதம் நீட்டிக்கப்பட்டது. நாடே கவனித்த கைதிகளுக்கு வழிவிட்டதும் இதே 1982ஆம் ஆண்டு விதிகள்தான்.

விடுப்பின் நாள்களும் திரும்புதலும்

விடுப்பில் கழியும் நாள்கள் தண்டனைக் கணக்கில் சேர்வதில்லை. முன்விடுதலைக்குத் தேவையான ஆண்டுகளைக் கணக்கிடும்போதும் பரோல் காலத்தை விலக்க வேண்டும் என்று, கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே தேவைக்கு மேல் நாள் கேட்பது எப்போதும் ஆதாயமல்ல. பத்து நாளில் முடியும் வேலை என்றால், அதை மனுவில் வெளிப்படையாகச் சொல்வது நம்பகத்தையும் கூட்டும்.

நிபந்தனையை மீறினால் விடுப்பு நீக்கப்படும். காவல் துறை பிடியாணை இன்றியே கைது செய்யலாம். பிணையாளரும் சிக்குவார். நீட்டிப்பு தேவைப்பட்டால் விடுப்பு முடியும் முன்பே சான்றுடன் கேட்க வேண்டும். கேட்டுவிட்டோம் என்பதற்காகத் தங்கிவிட முடியாது. உத்தரவு கைக்கு வராதவரை பழைய தேதிதான் தேதி. மழை நாளில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ மலைப்பாதை அடைபடுவது உண்டு. ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அது அடைபட்டால் குப்பனூர் வழியாகச் சுற்றி இறங்க வேண்டும். ஆகவே விடுப்பு முடிவதற்கு முந்தைய நாள் மாலையே சேலத்துக்கு வந்து, உறவினர் வீட்டில் தங்கி, குறித்த நேரத்துக்கு முன்பே சிறை வாயிலில் நிற்பது மலைக் குடும்பங்களுக்கு ஏற்றது. நேரத்துக்குத் திரும்பியது சிறைப் பதிவேட்டில் ஏறும். இரண்டாண்டு கழித்து எழுதப்படும் அடுத்த மனுவில், விடுப்பு உத்தரவின் எண்ணோடும் திரும்பிய தேதியோடும் அதைக் குறிப்பிடலாம்.